டிஸ்க் வளையலீங்ணா, அளந்து பாருங்!

டிஸ்கி: இது நட்டு போல்ட்டு பதிவு. கவிதை, சினிமா விமர்சனம் தேடி வந்தவங்க மன்னிச்சுக்குங்க. ஆனா வீட்டுல கார் இருக்கறவங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊட்டி போயிட்டு வர்றவங்க படிச்சுட்டுப் போங்க. காசு மிச்சம் ஆகலாம்.

நம்மூர் ஒர்க்‌ஷாப் ஒண்ணுல போய் "பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் ஆடுதுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. வாக்கியத்தை முடிக்கறதுக்குள்ள பதில் வந்துரும். "டிஸ்க் பெண்டாயிருச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திரணும்." காரை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டாங்க. சக்கரத்தைக் கழட்டியிருக்க மாட்டாங்க. கூடவே "செட்டிபாளையம் ட்ராக்குல ஓட்டினேன்"னு வாய் தவறி உளறிட்டீங்கன்னா முடிஞ்சுது கதை. "அதான் சார், சூட்டுல வளைஞ்சிருச்சு." எஸ்டிமேட் பிரிண்ட் ஆகி வந்துரும்.

இந்த "வளைஞ்சிருச்சு" ஒரு நோய்க்குப் பேரே இல்லைங்கறது என் கட்சி. அளக்கச் சோம்பல் பட்டவங்க சொல்ற சாக்கு. இதை வேற எந்த ஊர்க்காரன் சொன்னாலும் விட்டுரலாம். கோயமுத்தூர்க்காரன் சொன்னாத்தான் வயிறு எரியுது.

ஏன்னா இது அளந்து பொழைக்கற ஊருங்க. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு சந்துக்குள்ள நுழைங்க. பத்துக்குப் பத்து ரூம்ல ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அதுக்கு நடுவுல பெட்டிக்குள்ள துணி சுத்தி ஒரு டயல் கேஜ். பம்ப்பு ஷாஃப்ட்டுல ரெண்டு செண்ட்டம் அவுட் இருந்தா, அதாவது 0.02 மி.மீ. ஆட்டம் இருந்தா, பார்ட்டி திருப்பி அனுப்பிருவான். நூறு ரூபா ஜாப்புக்கு இந்தக் கவனம். அதே ஊர்ல, உயிர் போற பிரேக்குக்கு மட்டும் கண்ணால பார்த்துத் தீர்ப்பு. செட்டிபாளையம் ட்ராக்குக்கே கரிவர்தன் பேரைத்தான் வச்சிருக்கோம். 1995ல விமான விபத்துல போய்ச் சேர்ந்த மனுஷன். மாருதி 800 இஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதி கார் கட்டினவர். 2005ல ஜோர்டான் டீம்ல ஃபார்முலா ஒன் ஓட்டப் போன நாராயண் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதி ஓட்டினவர்தான். அந்த மாதிரி ஆளுங்க இருந்த ஊர்ல இப்போ ஏர் கன் பிடிச்ச பையன்கிட்ட டார்க் ரெஞ்ச் எங்கப்பான்னு கேட்டா, நம்மளை ஒரு மாதிரி பார்க்கறான்.

சரி, திட்டினது போதும். விஷயத்துக்கு வர்றேன்.

உதாரணத்துக்கு 1300 கிலோ எடையுள்ள கார். 150 கி.மீ. வேகத்துல வந்து ஒரு வளைவுக்காக 60க்கு இறக்கறீங்க. சுமார் ஒன்பதரை லட்சம் ஜூல் வெப்பமா மாறணும். எழுபது சதவீதம் முன்பக்க பிரேக்குக்குன்னு வச்சுக்குங்க. ஒரு முன் டிஸ்க்குக்கு மூணேகால் லட்சத்துக்கு மேல வருது. டிஸ்க் ஏழு கிலோ இரும்பு. கணக்குப் போட்டா, ஒரே ஒரு தடவை பிரேக் மிதிச்சதுக்கு டிஸ்க் சூடு தொண்ணூறு டிகிரி செல்சியஸுக்கு மேல ஏறும். செட்டிபாளையம் ட்ராக் மொத்தமே சுமார் 2.1 கி.மீ. தான். ஆறறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும். நாலு லேப்புல சாதாரண ரோட்டு பேடு தாங்கற எல்லைக்குப் போயிருக்கும்.

இப்போ எல்லாரும் கோட்டை விடற இடம். பேடு டிஸ்க்கை வெறுமனே தேய்ச்சு மட்டும் காரை நிறுத்தறதில்லை. சூடாகும்போது தன்னோட பொருளையே மெல்லிசா டிஸ்க் மேல பூசுது. அந்தப் பூச்சு மேல பேடு ஒட்டி விடறதுலதான் பிரேக்கோட பெரும்பங்கு வேலை நடக்குது. தோசைக்கல் பழகற மாதிரின்னு வச்சுக்குங்க. சீராப் பழகின கல்லுல தோசை அழகா வரும். ஒரு இடத்துல அடி பிடிச்சுதுன்னா, அடுத்தடுத்த தோசையும் அதே இடத்துல பிடிக்கும். டிஸ்க்லயும் அதேதான். சூட்டோட சூடா ட்ராக்ல இருந்து வெளிய வந்து, பேடக்ல நிறுத்தி, காலை பிரேக்லயே வச்சுக்கிட்டு ஜன்னல் வழியா லேப் டைம் பத்திப் பீத்திக்கிட்டு இருந்தீங்கன்னா, பேடு உட்கார்ந்த இடத்துல அச்சு விழும். பேடு சைஸுக்கே ஒரு திட்டு. அந்தத் திட்டு சக்கரம் சுத்தும்போதெல்லாம் பேடுக்குள்ள நுழையும்போது ஒரு குட்டு வைக்கும். 100 கி.மீ. வேகத்துல சக்கரம் நொடிக்குப் பதினாலு தடவை சுத்துது. பதினாலு குட்டு. அதுதான் உங்க கையில ஸ்டீயரிங் ஆட்டமாத் தெரியுது.

எவ்வளவு கனம் வித்தியாசம் இருந்தா இது நடக்கும்? பதினஞ்சு, இருபது மைக்ரான் போதும். தலைமுடியில மூணுல ஒரு பங்குகூட இருக்காது. இதைக் கண்ணால பார்த்து "பெண்டு"ன்னு கண்டுபிடிச்சேன்னு சொல்றவருக்குக் கோயில் கட்டித்தான் கும்பிடணும். :-)

கரோல் ஸ்மித்னு ஒரு அமெரிக்க ரேஸ் எஞ்சினியர். ஃபோர்டு ஜிடி40 லே மான்ஸ்ல ஓடின காலத்து ஆளு, 2003ல இறந்துட்டார். வளைஞ்ச டிஸ்க்குன்னு தன்கிட்ட வந்ததெல்லாம் பேடு ஏறுக்கு மாறா படிஞ்ச டிஸ்க்தான்னு விளக்கமா எழுதி வச்சுட்டுப் போயிட்டார். அது உலகம் பூரா சுத்தியும் நம்ம சர்வீஸ் அட்வைசர் டேபிளுக்கு வந்து சேரலை.

நியாயமா ஒண்ணு ஒத்துக்கறேன். வார்ப்பு வேலை தெரிஞ்சவங்க கேப்பீங்க, "ஸ்ட்ரெஸ் எடுக்காத காஸ்டிங் சூட்டுல நெளியாதா?"ன்னு. நெளியும். மட்டமான டிஸ்க்குல நடக்கும். நல்ல டிஸ்க்கும் சூடா இருக்கறப்ப லேசா குடை மாதிரி விரியும், ஆறினா திரும்ப வந்துரும். ஆனா எது நடந்துச்சுன்னு அளக்காம எப்படித் தெரியும்? அதைத்தானே கேக்கறேன்.

என் சிநேகிதன் காருக்கு நடந்ததைச் சொல்றேன். டர்போ கார். எந்த கம்பெனின்னு சொல்லலை, ஏன்னா தப்பு கம்பெனி மேல இல்லை. ட்ராக் நாள் முடிஞ்சு வர்றப்ப பொள்ளாச்சி ரோட்டுல 90ல பிரேக் வச்சா ஸ்டீயரிங் படபடன்னு ஆடுது. ஒர்க்‌ஷாப்ல (பேர் வேண்டாம்) முன்பக்கம் ரெண்டு டிஸ்க், பேடு செட்டு, லேபர், வரி எல்லாம் சேர்த்து இருபத்தி ரெண்டாயிரம். "இல்லைன்னா லேத்துல சீவிக்கலாம் சார், அது நிக்காது"ன்னு ஒரு இலவச ஆலோசனை வேற. அப்பத்தான் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருந்தான். "மாப்ள, நீ வேணா ஒருக்கா பாரேன்"னான்.

முதல்ல ஓட்டிப் பார்த்தோம். பிரேக் மிதிக்காம 100ல போனா ஆட்டம் இல்லை. இது முக்கியம். ட்ராக்குல சூடான டயர்ல உருகின ரப்பர் துணுக்கு அப்பிக்கும், ஒட்டு வெயிட்டு கழண்டு விழும், பிரேக் பூட்டி டயர் ஒரு பக்கம் தேஞ்சிருக்கும். அதெல்லாம் பிரேக் மிதிக்காமயே ஆடும். அதுக்கும் டிஸ்க் மாத்தி விட்ட புண்ணியவான்கள் இருக்காங்க. சீட்டும் தரையும் ஆடினா பின்பக்கத்தைச் சந்தேகப்படணும், இங்க ஆடினது ஸ்டீயரிங், கூடவே பெடல்ல துடிப்பு. ஆக முன்பக்கம்.

எங்க தெருவுல லேத் வச்சிருக்கற அண்ணனைக் கூப்பிட்டேன். காந்த பேஸோட டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் எடுத்துட்டு வந்தார். "ஏனுங் தம்பி, காருக்குமா இது?"ன்னு சிரிச்சார். சக்கரத்தைக் கழட்டி, வாஷர் போட்டு போல்ட் எல்லாத்தையும் இறுக்கி டிஸ்க்கை ஹப்போட ஒட்ட வச்சோம். இதைச் செய்யாம அளந்தா அளவே பொய். டிஸ்க் ஓரத்துல இருந்து பத்து பதினஞ்சு மி.மீ. உள்ள தள்ளி ஊசியை வச்சு ஒரு சுத்து. இடது பக்கம் 0.04. வலது பக்கம் 0.11.

அண்ணன் மூஞ்சி மாறிருச்சு. "பெண்டுங்களா?"ன்னு சிநேகிதன் கேட்டான். "இருங் தம்பி, ஜாப்புல அவுட்டா, சக்குல அவுட்டான்னு பார்க்காம எப்படிங் சொல்றது?" இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவே. லேத்துக்காரர் முதல்ல சக்கைச் சந்தேகப்படறார். மெக்கானிக்குக்கு அந்தச் சந்தேகமே வர்றதில்லை.

டிஸ்க்கைக் கழட்டினா, ஹப் முகத்துல துரு. பிஸ்கட் மாதிரி பொரிஞ்சு ஒரு பக்கம் மட்டும் நிக்குது. ஹப் ஓரத்துல இருபது மைக்ரான் தூக்கல்னா, டிஸ்க் ஓரத்துக்குப் போகப் போக அது ரெண்டு மடங்காகும், ஆரம் அவ்வளவு பெருசு. கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு ரெண்டு முகத்தையும் சுத்தம் பண்ணி, டிஸ்க்கை ஒரு ஓட்டை திருப்பி மாட்டி அளந்தா 0.03. அவ்வளவுதான் உங்க "பெண்டு". அப்புறமேலு மைக்ரோமீட்டர் வச்சு எட்டு இடத்துல கனம் பார்த்தோம். கூடுதல் குறைச்சல் இருபது மைக்ரான். பேடு அச்சு லேசா நீலம் பாரிச்ச மாதிரி தெரிஞ்சுது.

உப்புத்தாள்ல டிஸ்க்கையும் பேடையும் சீராத் தேய்ச்சு, காலிப்பர் பின் ஃப்ரீயா ஓடுதான்னு பார்த்து, போல்ட்டுகளை எதிரெதிரா, டார்க் ரெஞ்ச்ல அந்த காரோட புத்தகத்துல போட்டிருந்த 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். ஏர் கன்ல ஒரு போல்ட்டு கல்லாட்டம், பக்கத்து போல்ட்டு லூசுன்னு இறுக்கினா ஹப்பும் டிஸ்க்கும் கோணிக்கும். அப்புறம் காலியான ரோட்டுல 80ல இருந்து 10க்குப் பத்து தடவை, முழுசா நிறுத்தாம, நடுவுல கொஞ்சம் ஓட விட்டு, கடைசியில பிரேக் தொடாம ஆற விட்டோம். ஆட்டம் போயிருச்சு. (அவினாசி ரோடு மேம்பாலத்துல இதைப் பண்ணி வைக்காதீங்க சாமி. பின்னாடி வர்றவன் விதி நம்ம கையில இல்லை.)

"டிஸ்க் மாத்தினா சரியாகுதே, அப்ப அவங்க சொன்னதும் சரிதானே?"ன்னு வாதாட வர்றவங்களுக்கு: சரியாகும். புது டிஸ்க்குல பழைய திட்டு இருக்காது இல்லையா. ஆனா துருப்பிடிச்ச ஹப் மேலயே புது டிஸ்க்கை மாட்டினா அது கோணலாத்தான் சுத்தும். பிரேக் மிதிக்காதப்பவும் மேடான பக்கம் மட்டும் பேடுல உரசிக்கிட்டே போகும். அஞ்சாறு ஆயிரம் கி.மீ. போனதும் கனம் வித்தியாசமாகி மறுபடியும் ஆட்டம். அதுக்குள்ள மாசக்கணக்கு ஆயிருக்கும். "உங்க டிரைவிங் அப்படிங்க சார்"னு அடுத்த எஸ்டிமேட். தப்பு பண்ணினவன் கண்ணுலயே தன் தப்பு படாது பாருங்க, அங்கதான் இந்தப் பொய் பொழைச்சுக் கிடக்கு.

எல்லாம் தேய்ச்சா சரியாயிரும்னும் நான் சொல்லலை. 650 டிகிரிக்கு மேல போயிருந்தா அந்தத் திட்டுக்கு அடியில இரும்போட அமைப்பே மாறி சிமென்டைட்னு கண்ணாடி மாதிரி கெட்டியாயிரும். லேத்துல மேலாக்கச் சீவினாலும் அந்த இடம் மறுபடி மேடாகும். அப்ப மாத்துங்க, காசு பார்க்காதீங்க. டிஸ்க்குலயே குறைஞ்சபட்ச கனம் பொறிச்சிருக்கும், அதுக்குக் கீழ சீவித் தர்றேன்னு சொல்றவன்கிட்ட இருந்து ஓடிருங்க. பெடல் பஞ்சாட்டம் உள்ள போனா அது வேற கதை, ஆயில் கொதிச்சிருக்கு. டாட் 4 புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினா 155 தான் கணக்கு. ட்ராக் போறதுக்கு முன்னாடி மாத்திருங்க.

ட்ராக்கே போகாதவங்களும் தப்பிக்க முடியாது. வால்பாறை நாப்பது கொண்டை ஊசியை நாலாவது கியர்ல பிரேக்லயே இறங்கி, ஆழியார் வந்ததும் டீக்கடை முன்னாடி காலை பிரேக்ல அழுத்தியே நிப்பாட்டி வைக்கறவங்களுக்கும் இதே அச்சுதான். குன்னூர்ல இருந்து கல்லாறு இறங்கறவங்களுக்கும் அதேதான். இறங்கி முடிச்சதும் ரெண்டு கி.மீ. சும்மா ஓட விடுங்க, நிறுத்தினா கியர்ல போட்டு காலை எடுங்க.

கடைசியா நம்மளையும் சொல்லணும். அரை மணி நேரம் அளந்து பார்த்ததுக்கு ஐநூறு ரூபா கேட்டா, "பொருளே மாத்தலை, எதுக்குங்க காசு?"ன்னு சண்டை போடறது நாமதான். இருபதாயிரத்துக்கு சாமான் பில்லு குடுத்தா வாயைத் திறக்காம கார்டு நீட்டறதும் நாமதான். அப்ப அவங்க எதை விப்பாங்க? எங்க லேத்து அண்ணன் காசு வேண்டாம்னார். சிநேகிதன் சட்டைப் பையில திணிச்சு அனுப்பினான்.

அடுத்த ட்ராக் நாளுக்கு ட்ராக் பேடு வாங்கி வச்சிருக்கான். ஓட்டி முடிச்சதும் திரும்ப டயல் கேஜ் வைக்கறோம். 0.03 மாறியிருந்தா இங்கயே வந்து சொல்றேன்.