அரிப்பு அடங்கினால் ஆறியதாகுமா?



கோடை தொடங்கியதிலிருந்து உங்கள் கடிதங்களில் ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வருகிறது. கரையான்சாவடி, குமணன்சாவடி பக்கம் வாடகை அறைகளில் சேர்ந்து தங்கி, ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் எழுதுகிறார்கள். தொடையிடுக்கில், இடுப்பில் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் போட்டதும் இரண்டே நாளில் அடங்கியது. ட்யூப் தீர்ந்ததும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பிவிட்டது. ஊர் மாறினாலும் கதை மாறவில்லை.

அந்த ட்யூபுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்வோம். பூஞ்சையைக் கொல்லும் மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்று. சிவப்பையும் அரிப்பையும் உடனே அடக்குவது இந்த ஸ்டீராய்டுதான். ஆனால் சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு நம் உடல் நடத்தும் சண்டையின் அடையாளங்கள். சண்டை நின்றால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். வட்டத்தின் ஓரம் மங்கி, டாக்டருக்கே அடையாளம் தெரியாதபடி நோய் பரவுகிறது. தொடையிடுக்கில் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். அங்கே மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் நைந்து வரிவரியாகப் பிளக்கிறது. அந்த வரிகள் மறைவதில்லை.

தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 2018 இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதித்தது. அதே ஆண்டு தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் இப்படிப்பட்ட களிம்புகளும் இருந்தன. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது என்பதே உங்கள் கடிதங்கள் சொல்லும் உண்மை.

இதற்கிடையே பூஞ்சையும் மாறிவிட்டது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பானுக்குப் போன இருவரிடம் கண்ட பூஞ்சைக்கு 2020 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘ட்ரைகோஃபைட்டன் இண்டோடினியே’ என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல நேரம் இது மசிவதில்லை. 2023 இல் நியூயார்க்கில் இந்தப் பூஞ்சை இருப்பதாகக் கண்டறியப்பட்ட இருவரில் ஒருவர் அண்மையில் வெளிநாடே போகாதவர். நம் நாட்டுப் பெயரைத் தாங்கி ஒரு பூஞ்சை உலகம் சுற்றுவதைப் படித்தபோது மனம் கனத்தது.

எனவே, தயவுசெய்து ட்யூபில் உள்ள பெயர்களைப் படியுங்கள். ஸ்டீராய்டு இருந்தால் படர்தாமரைக்கு வேண்டாம். ஏற்கெனவே நெடுநாள் பூசி வருபவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சரியான களிம்பை வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். அரிப்பும் செதிலும் நின்ற பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். துண்டைப் பகிராதீர்கள். வெட்கப்பட்டுப் பொறுக்கவும் வேண்டாம். நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அதன் கோடியில் சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டிலும் தோல் பிரிவு உண்டு.

வண்டுகொல்லி இலையை அரைத்துப் போடலாமா என்று ஒரு பாட்டி கேட்டிருக்கிறார். பூஞ்சையைத் தடுக்கும் குணம் அந்த இலைக்கு உண்டென்று ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. சிறிய வட்டமாக இருந்தபோது அது உதவியிருக்கலாம். இன்றைய பூஞ்சைக்கு அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம், பாட்டி.

படர்தாமரையில் அரிப்பு அடங்கினாலும் நோய் ஆறுவதில்லை. உங்கள் கடிதங்களில் வரும் சொறி சிரங்கில் விஷயம் நேர் தலைகீழ்: நோய் ஆறினாலும் அரிப்பு உடனே நிற்பதில்லை. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் தோலுக்குள் வளை தோண்டும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் வேலை இது. இரவில் அரிப்பு தாங்காது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பதால், சொறியாதவரிடமும் உண்ணி இருக்கலாம். ஆகவே வீட்டில், அறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே இரவில் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண் விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டே பூசுங்கள். துணி, போர்வைகளை வெந்நீரில் துவையுங்கள். முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

உண்ணி செத்த பிறகும் இரண்டிலிருந்து நான்கு வாரம் அரிக்கும். செத்த உண்ணியின் எச்சத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பு அது. மருந்து வேலை செய்யவில்லையென்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். அதற்கு மேலும் அரித்தால், புதுக் கொப்புளம் வந்தால், மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

சொறி சிரங்கு வந்த மகளை எத்தனை நாள் வீட்டில் நிறுத்திவைப்பது என்று கேட்ட அம்மாவுக்கு: இரவு களிம்பு பூசிக் காலையில் குளிப்பாட்டினால், அன்றைக்கே பள்ளிக்கு அனுப்பலாம்.

அன்புடன்,
ஆசிரியர்