பெயர்ப் பலகை மட்டும் போதுமா?

பிரான்சின் பிரத்தானி கடற்கரையில் உள்ள பழைய கடற்படைத் துறைமுகம் லோரியான். "கிழக்கு" என்பது அந்தப் பெயரின் பொருள். கிழக்கு நாடுகளோடு வணிகம் செய்ய 1666-ல் உருவான ஊர் அது. புதுச்சேரித் துணிகள் கப்பலேறி அங்கே போய் இறங்கின. 1943-ல் குண்டுவீச்சில் தரைமட்டமாகி, மீண்டும் எழுந்தது.

இன்று அங்கே போகிறவர்கள் தெருப் பலகைகளில் பிரெஞ்சோடு பிரத்தோனையும் காணலாம். அந்த மண்ணின் மொழி அது.

பள்ளியில் கதை வேறு. முன்பு அதில் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை! பாடம் முழுவதையும் அதிலேயே நடத்துவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2021-ல் தீர்ப்பும் வந்தது. பிள்ளைகள் பேசாத மொழி எப்படி வாழும்?

விருதுநகருக்கு இது நன்றாகப் புரியும். "தமிழ்நாடு" என்ற பெயருக்காக 1956-ல் இங்கே உண்ணாவிரதம் இருந்து, உயிரையே கொடுத்தார் சங்கரலிங்கனார். 1969-ல் பெயர் கிடைத்தது. அதோடு நின்றுவிடாமல், வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகள் தமிழ் பேசட்டும்!