ஆயுள் அட்டையும் அமானிதமும்



சென்ற ரமளானுக்கு முந்தைய வாரம் காரைக்குடியில் என் இல்லத்திற்கு ஒரு சகோதரர் வந்திருந்தார். சிறு வயதில் என்னுடன் ஒரே மக்தபில் ஓதியவர். இருபது ஆண்டுகளாக அமெரிக்காவில் கணினித் துறையில் பணிபுரிகிறார். வேலையின் பொருட்டு வாரந்தோறும் விமானம் ஏறி இறங்குவதே அவருடைய வாழ்க்கையாக இருந்துவந்தது. நலம் விசாரித்து, தேநீர் அருந்தி முடித்த பின், சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என்முன் வைத்தார். ஒரே விமான நிறுவனத்தில் 10 லட்சம் மைல்கள் பறந்து முடித்ததற்காக அந்நிறுவனம் அவருக்கு வழங்கிய ‘வாழ்நாள் தங்க உறுப்பினர்’ அட்டை அது.

“ஹஜ்ரத், கார்டு கையில வந்த பிறகு சலுகைகளை ஒவ்வொன்னாக் குறைக்கிறாங்க. வேறொரு நிறுவனம் ‘எங்கள்ட்ட வாங்க, இதே அந்தஸ்தை நாங்களும் தர்றோம்’னு கூப்பிடுது. இருபது வருஷ விசுவாசத்தை விட்டுட்டுப் போறது துரோகம் மாதிரி இருக்கு. போகாம இருந்தா ஏமாளி மாதிரி இருக்கு. மார்க்கத்துல இதுக்கு ஏதாவது வழி சொல்லியிருக்கா?” என்று கேட்டார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது, இது ஒரு செல்வந்தரின் சிறு கவலையாக மட்டும் தோன்றவில்லை. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இல்லாத வீடு நம் சிவகங்கை மாவட்டத்து முஸ்லிம் மஹல்லாக்களில் குறைவு. பலரின் கைப்பேசியிலும் இன்று ஏதேனும் ஒரு விமான நிறுவனத்தின் மைல் கணக்கு இருக்கிறது. எனவே அவருக்குச் சொன்னதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த ஏற்பாடு அவ்வளவு பழையதன்று. நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற காலத்தில், எத்தனை முறை சென்றாலும் மேல்தளப் பயணி மேல்தளப் பயணிதான். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் பறந்த தூரத்தைக் கணக்கிட்டுச் சலுகை தரும் திட்டத்தைத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள் வந்தன. ஆண்டுதோறும் மீண்டும் ஏறவேண்டிய படிகள் அவை. அவற்றுக்கு மேலே, ‘இனி ஏறவேண்டியதில்லை, ஆயுள் முழுவதும் உனக்கே’ என்று ஒரு படியையும் சில நிறுவனங்கள் வைத்தன. யுனைடெட் நிறுவனத்தில் 10 லட்சம் மைல்களுக்கு வாழ்நாள் தங்கத் தகுதி உண்டு; துணைவருக்கும் அதே தகுதியை அளிக்கலாம்.

இதில் மார்க்க அடிப்படையில் மூன்று கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, வாக்குறுதி. வாக்குறுதி குறித்து விசாரணை உண்டு என்று திருக்குர்ஆன் 17:34 எச்சரிக்கிறது. வெறும் வாக்கை நிறைவேற்றுவது சட்டப்படி கடமையா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விரும்பத்தக்கது, ஆயினும் சட்டம் கட்டாயப்படுத்தாது என்பது பெரும்பாலோர் கூற்று. வாக்கை நம்பி ஒருவர் செலவில் இறங்கிவிட்டால் அது கட்டுப்படுத்தும் என்பது மாலிக்கி மத்ஹபில் பிரபலமான கருத்து. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியும் இதையொட்டியே தீர்மானித்தது: ஒரு நிபந்தனையோடு இணைத்து வாக்களிக்கப்பட்டு, அதை நம்பி மற்றவர் செலவு செய்துவிட்டால், அவ்வாக்கு சட்டப்படியும் பொறுப்பாகும். ‘பத்து லட்சம் மைல் பற, ஆயுள் முழுவதும் தருகிறேன்’ என்பது ஏறத்தாழ அத்தகைய வாக்குதான்.

உலகச் சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. யுனைடெட் நிறுவனம் கான்டினென்டலுடன் இணைந்த பின் 2012இல் தன் படிகளை மாற்றியமைத்தது. பழைய ஆயுள் உறுப்பினர்களின் நிலை தாழ்ந்தது. அவர்களுள் ஒருவர் வழக்குத் தொடுத்தார். சிகாகோவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதுதான் அந்தத் திட்டத்தின் விதி. வழக்காடியவரால் அதற்கு அப்பால் தனியொரு ஒப்பந்தத்தை நிறுவ இயலவில்லை.

நம் நாட்டிலும் படிப்பினைகள் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று தன் கடைசி விமானத்தை இயக்கி முடங்கியது. அதன் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் வேறு பெயரில் தொடர்ந்தது. உறுப்பினர்களின் கணக்கில் மைல்கள் இருந்தன, ஏறுவதற்கு அந்நிறுவனத்தின் விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவில் கரைந்தது. அதன் உறுப்பினர்கள் புதிய திட்டத்திற்கு மாற்றப்பட்டனர். ‘ஆயுள்’ என்று அச்சிடும்போது அது யாருடைய ஆயுள் என்று நாம் கேட்பதில்லை. அல்லாஹ் ஒருவனே நிலைத்திருப்பவன் என்று நாள்தோறும் ஓதுகின்ற நாம் இதில் ஏமாறலாகாது.

ஆகவே விசுவாசம், துரோகம் என்ற சொற்கள் இங்குப் பொருந்தா என்று அவரிடம் கூறினேன். அவர் கட்டணம் செலுத்தினார், நிறுவனம் ஏற்றிச் சென்றது. இரு தரப்பிலும் கணக்கு முடிந்தது. வேறு விமானத்தில் ஏறுவதால் அவர் எந்த உடன்படிக்கையையும் முறிக்கவில்லை. அது மட்டுமன்று, ஆயுள் தகுதியைத் தக்கவைக்க இனி ஒரு மைல் கூடப் பறக்கவேண்டியதில்லை. பிறரிடம் செல்வதால் அது பறிபோவதும் இல்லை.

இரண்டாவது, அந்த மைல்கள் யார் பணத்தில் வந்தன? அவற்றில் பெரும்பகுதி அவருடைய முதலாளி வாங்கிக் கொடுத்த டிக்கெட்டுகள். ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முதலாளி வெளிப்படையாக அனுமதித்திருந்தால் மைல்களை வைத்துக்கொள்வதில் தடையில்லை. பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் மலிவான நேர்வழி விமானம் இருக்க, தன் கணக்கில் புள்ளி சேரவேண்டும் என்பதற்காக முதலாளியின் செலவில் விலை கூடிய சீட்டை எடுப்பது அமானிதத்தில் கைவைப்பதாகும். இதைச் சொன்னபோது சகோதரர் தலைகுனிந்தார். “சில தடவை அப்படிச் செஞ்சிருக்கேன்” என்றார்.

மூன்றாவது, நேரம். இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், வந்த தேவை முடிந்துவிட்டால் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பவேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவானது. புள்ளித் திட்டமோ நேர்மாறாகக் கற்பிக்கிறது: சுற்றிப் போ, இன்னொரு முறை போ, தேவையின்றியும் போ.

ஓர் ஆண்டு இறுதியில் மேற்படியை எட்டச் சில ஆயிரம் மைல்கள் குறைந்ததால், சகோதரர் விடுப்பெடுத்து, எந்த வேலையும் இல்லாத ஓர் ஊருக்குப் பறந்து, விமான நிலையத்தை விட்டு வெளியே வராமலே திரும்பியிருக்கிறார். அந்த ஆண்டுதான் பெருநாளுக்கு ஊருக்கு வர விடுப்பில்லை என்று தம் அத்தாவிடம் சொன்னார். அடுத்த பெருநாளுக்கு அத்தா இல்லை. இதை அவரேதான் சொன்னார். நான் மறுமொழி கூறவில்லை. இருவரும் சிறிது நேரம் மௌனமாக இருந்தோம்.

அப்படியானால் புதிய நிறுவனத்திற்கு மாறலாமா? தொழிலுக்காக இன்னும் வாரந்தோறும் பறப்பவர், வழித்தடமும் நேரமும் தமக்கு ஒத்துவந்தால் தாராளமாக மாறலாம். மார்க்கத்தில் அதற்குத் தடையேதும் இல்லை. ஆயினும் அழைப்பவர் தரும் அந்தஸ்து பெரும்பாலும் குறுகிய காலத்திற்கே. பிறகு அதைத் தக்கவைக்க மீண்டும் பறக்கவேண்டும். விதிகளும் மாறிவிட்டன. டெல்டாவும் யுனைடெட்டும் 2015இல், அமெரிக்கன் 2016இல், மைல் வழங்கும் அளவுகோலைத் தூரத்திலிருந்து கட்டணத்திற்கு மாற்றின. இன்று ஏறும் படி செலவழித்த பணத்தால் கட்டப்பட்டது. ஐம்பதை நெருங்கும் வயதில் அதன் முதற்படியில் மீண்டும் கால்வைப்பது, வீண்விரயத்தின் வாசலுக்கு நெருக்கமாக நிற்பதாகும்.

நம் ஊர் நிலவரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் செல்லும் விமானங்களில் பெரும்பாலானவை குறைந்த கட்டண நிறுவனங்களுடையவை. பெரிய கூட்டணிகளின் தங்க அட்டைக்கு அவற்றில் பொதுவாக மதிப்பில்லை. அட்டையின் பயனைப் பெறவேண்டுமென்றால் சென்னைக்குப் போகவேண்டும். ஓய்வறைக்காக ஓர் இரவை ரயிலில் கழிப்பது என்ன கணக்கு? குழுவாக உம்ராவுக்குச் செல்லும் டிக்கெட்டுகளிலும் பல நேரம் மைல்கள் சேர்வதில்லை. புனிதப் பயணத்திற்குப் புறப்படும்போது அந்தக் கவலை இல்லாதிருப்பதே நல்லது.

அட்டையைக் கிழித்தெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹலாலான வழியில் வந்ததாயின் அதுவும் ஒரு நிஃமத்தே. அவருடைய அட்டைக்கு ஓய்வறையில் ஒரு விருந்தினரை அழைத்துச் செல்லும் உரிமை உண்டு. முதிய தாயார் உடன் பயணிக்கும் நாளில் கூட்ட நெரிசலிலிருந்து விலகி அவர் உட்காரவும், ஒளூச் செய்யவும், தொழவும் அது உதவுமாயின் அதைவிடச் சிறந்த பயன் எது? வரிசையில் பிறரை முந்திச் செல்வதால் உள்ளத்தில் பெருமை எழுகிறதா என்பதை மட்டும் கவனிக்கட்டும். ஒருவருக்கொருவர் பெருமையடித்துக்கொள்வதை இவ்வுலக வாழ்வின் அடையாளங்களுள் ஒன்றாக 57:20 கூறுகிறது.

ஆகவே அவருக்கு நான் சொன்ன ஆலோசனை இதுதான். பழைய அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஊழியம் செய்யாதீர்கள். புதிய படியைத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு பயணத்தின்போதும் எது நேர்வழி, எது நியாயமான விலை, எது விரைவில் வீடு சேர்க்கும் என்று பாருங்கள். முதலாளியின் பணமாயின் அவருடைய நலனைப் பாருங்கள். முன்பு அதில் தவறியிருந்தால் தவ்பாச் செய்து, இயன்ற வழியில் ஈடுசெய்யுங்கள். சேர்ந்துள்ள மைல்களைத் திட்டம் மாறுவதற்குள் பயன்படுத்திவிடுங்கள்.

“அம்மா ஒருத்தவங்கதான் இப்ப இருக்காங்க, ஹஜ்ரத்” என்றார். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதற்கு அன்றே கைப்பேசியில் சீட்டு எடுத்தார். சிங்கப்பூர் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து திருச்சிக்குக் குறைந்த கட்டண விமானம். இரண்டாவதில் அவருடைய தங்க அட்டை செல்லாது. ஆனால் திருச்சியில் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் வீடு.

நம் பிள்ளைகளின் பயணங்களை வல்ல ரஹ்மான் பாதுகாத்து, அவர்களைப் பெற்றோரிடம் விரைந்து சேர்ப்பானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.