தூசியும் நீதியும்

போதைப் பொருளைக் கைப்பற்றிய காவலரின் படம் நாளேட்டில் வருகிறது. அதைப் பிரித்துச் சோதிக்கும் ஆய்வாளரை யார் நினைக்கிறோம்?

அமெரிக்கத் தடய அறிவியல் கூடங்களுக்கு வரும் பொட்டலங்கள் பலவற்றில் இன்று ஃபென்டனில் இருக்கிறது. 1960-இல் பெல்ஜிய நாட்டு பால் ஜான்சன் உருவாக்கிய இவ்வலிநீக்கி, மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியமுடையது. விரல் பட்டாலே உயிர் போகும் என்று காவலர் பலர் அஞ்சினர். அந்த ஆபத்து மிக மிகக் குறைவு, வழக்கமான பணிக்கு நைட்ரைல் கையுறை போதும், தூள் காற்றில் பறந்தால்தான் மூச்சுக் கவசம் தேவை என்று அந்நாட்டு நச்சியல் மருத்துவர்கள் 2017-இல் தெளிவுபடுத்தினர்.

ஆனால் ஆய்வாளரோ நாள்தோறும் தூளைக் கிளறி நிறுப்பவர். ஆய்வுக்கூடத் தராசிலும் மேசையிலும் போதைப் பொருள் துகள்கள் படிந்திருப்பதை 2018-இல் வெளியான ஆய்வொன்று அளந்து காட்டியது. நேற்றைய வழக்கின் தூசி இன்றைய சான்றில் கலந்துவிட்டால் நீதி என்னாகும்?

ஆகவே, வீண் பீதியும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். காற்றை உறிஞ்சும் கூண்டும், ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் துடைத்த மேசையும் வேண்டும். துடைப்பது சிறுவேலை என்பார் உளர். ஆய்வாளரின் மூச்சையும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் நியாயத்தையும் ஒருங்கே காப்பது அச்சிறுவேலையே என்பேன் நான்.