உடல் நலப் பகுதி: நெற்றிக்குள் ஓர் அறை

தில்லியிலும் அதனைச் சூழ்ந்த வடநாட்டு ஊர்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், மார்கழி பிறந்தவுடன் கேட்கத் தொடங்கும் முறையீடு ஒன்று உண்டு. "தலையில் நீர் கோத்துக்கொண்டது, நெற்றி பாரமாக இருக்கிறது" என்பதே அது. பாட்டிமார் சுக்கை உரைத்துப் பற்றிடுவர். நொச்சித்தழை கிடைக்காத ஊரில் யூகலிப்டஸ் தைலத்தை விட்டு ஆவி பிடிக்கச் சொல்வர். பிள்ளைகளோ "சைனஸ்" என்று ஒரே சொல்லில் முடித்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு அலுவலகம் செல்வர். பெரும்பாலும் இரு சாராருக்கும் குணமாகிவிடும். குணமாகாத ஒரு சிலரைப் பற்றியதே இம்மாதக் கட்டுரை. அவர்கள் தொகையில் சிறியவர். ஆனால் அவர்களுக்கு நேரும் தாமதம் உயிருக்கே உலையாக முடியக்கூடும்.

நெற்றி எலும்பு முழுவதும் கெட்டியான எலும்பு அன்று. புருவங்களுக்கு மேலே, அதனுள் இடமும் வலமுமாக இரண்டு காற்றறைகள் அமைந்துள்ளன. நடுவே மெல்லிய தடுப்பு ஒன்று உண்டு. பிறந்த குழந்தைக்கு இவ்வறைகள் இல்லை. ஏறக்குறைய ஏழு, எட்டு வயதில் எக்ஸ்ரே படத்தில் தென்படத் தொடங்கி, வாலிபப் பருவம் முடியும்வரை இவை வளர்கின்றன. சிலருக்கு ஒரு புறத்தில் மட்டுமே இருக்கும். வேறு சிலருக்கு அறவே இராது. ஒருவருடைய அறையின் வடிவம் மற்றொருவருடையதைப் போல் அமைவதில்லை. ஆகையால், அடையாளம் தெரியாத உடலை, அம்மனிதர் உயிரோடிருந்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு இன்னார் என நிச்சயிக்கவும் இவ்வறைகள் பயன்படுகின்றன.

இவ்வறையின் சுவர்களை அறிந்துகொண்டால் இதன் நோய்கள் அனைத்தும் எளிதில் விளங்கும். முன்சுவர் தடித்தது, முகத்தின் எலும்புகளுள் வலிமை மிக்கது. பின்சுவரோ சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனமும் இல்லாதது. அதற்கு அப்பால் மூளையின் உறை. கீழ்த்தளத்தின் அடியில் கண்குழி. அறையில் ஊறும் சளி வெளியேறுவதற்கு ஒரே ஒரு குறுகிய வழி. அது மூக்கின் உட்பகுதியில் சென்று திறக்கிறது. ஜலதோஷத்தால் மூக்கின் உட்சவ்வு வீங்கினால் அவ்வழி அடைபடுகிறது. வழி அடைபட்ட அறையில் சளி தேங்குகிறது. தேங்கியதில் கிருமி பெருகினால் சீழ் பிடிக்கிறது.

நெற்றிவலி எல்லாம் சைனஸ் அன்று

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுதல் நலம். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில், தமக்குள்ளது "சைனஸ் தலைவலி" என்று கருதியிருந்த ஏறத்தாழ மூவாயிரம் பேரை ஆராய்ந்தனர். காய்ச்சலோ சீழோ இல்லாத அவர்களில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி வகையே என்று கண்டனர். ஒற்றைத் தலைவலியிலும் நெற்றி கனக்கும், மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும். ஆதலால் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு வரும் வலிக்குச் சைனஸ் மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருப்போர், ஒருமுறையேனும் மருத்துவரிடம் சென்று காரணத்தைத் தெளிந்துகொள்ள வேண்டும்.

உண்மையான நெற்றியறை அழற்சியில் வலி புருவத்துக்கு மேலே நிற்கும். காலையில் எழுந்த சிறிது நேரத்தில் மிகுந்து, பிற்பகலில் தணிவது இதன் இயல்பு. குனிந்தால் வலி கூடும். புருவ எலும்பின் அடியில் விரலால் அழுத்தினால் நோகும். மூக்கிலிருந்து பழுப்புச் சளி வரலாம். ஆயினும் சளியின் நிறத்தை மட்டும் கண்டு ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தேடுதல் ஆகாது. சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்குவது வைரஸ். அதை அம்மருந்து ஒன்றும் செய்யாது. பத்து நாட்களாகியும் சற்றும் குறையாதிருத்தல், குறைந்து வந்த நோய் மீண்டும் திரும்பி மிகுதல், 102 டிகிரிக் காய்ச்சலோடு கடும் வலியும் சீழ்ச்சளியும் மூன்று நான்கு நாள் நீடித்தல் ஆகிய மூன்றுமே கிருமி புகுந்ததற்குரிய குறிகள்.

வீக்கம் எச்சரிக்கும் நோய்

நெற்றி எலும்பின் உள்ளே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு வால்வுகள் இல்லை. ஆகவே கிருமிகள் அவற்றின் வழியாக எலும்பினுள்ளும், பின்சுவரைக் கடந்து மூளையின் உறைக்கும் பரவ இயலும். இது பதின்பருவப் பிள்ளைகளிடம் பெரியவர்களைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. அப்பருவத்தில் அறைகளும் வளர்கின்றன, அக்குழாய்களில் இரத்த ஓட்டமும் மிகுதி.

அவ்வாறு எலும்பு சீழ்பிடித்தால் நெற்றியில் மாவுபோல் மெத்தென்ற வீக்கம் எழும். லண்டன் நகரின் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த பெர்சிவல் பாட் என்பவர் 1760ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே இது வழங்கப்படுகிறது. பெயரில் கட்டி என்ற சொல் இருப்பினும் இது புற்றுநோயன்று. அடியில் உள்ள எலும்பு அழுகுவதன் அறிவிப்பே இது. மூளையருகே சீழ் சேர்ந்திருக்கக்கூடும் என்பதையும் இது உணர்த்துகிறது. ஜலதோஷமுற்ற பிள்ளையின் நெற்றி இவ்வாறு வீங்கினால், அதன்மேல் பற்றிட்டு ஓரிரவு பார்ப்போம் என்று இருத்தல் கூடாது. அன்றே மருத்துவமனை சேர்க்க வேண்டும். உரிய மருந்தும் அறுவையும் காலத்தில் கிடைத்தால் பெரும்பாலோர் நலமடைகின்றனர்.

இதற்கு நேர்மாறாக, ஓசையின்றி வளரும் நோயும் ஒன்று உண்டு. வடிகால் நிரந்தரமாக அடைபட்டால், அறை முழுதும் சளி நிறைந்து பையாகி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல எலும்பைத் தேய்க்கும். வலி அதிகம் இராது. ஒரு கண் கீழ்நோக்கித் தள்ளப்படுதல், பொருள் இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றாலேயே பலர் இதனை அறிகின்றனர். பழைய காயமும் பழைய அறுவையும் இதற்குக் காரணமாகலாம். பத்து, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் தோன்றலாம்.

அடிபட்ட நெற்றி

முன்சுவர் வலிமையுடையது என்றோம். அது முறிய வேண்டுமாயின் தாக்குதல் மிகக் கடுமையாக இருந்திருக்க வேண்டும். வாகன விபத்தே அதற்குப் பெருங்காரணம். முன்சுவர் மட்டும் உட்குழிந்தால் அது பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றிய குறையே. பின்சுவரும் உடைந்து மூளையின் உறை கிழிந்தாலோ, மூளையைச் சூழ்ந்துள்ள நீர் மூக்கு வழியே ஒழுகத் தொடங்கும். தெளிந்த தண்ணீரைப் போன்றது அது, குனிந்தால் அதிகமாகும், தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். நீர் வெளியே வரும் வழியே கிருமி உள்ளே செல்லும் வழியுமாகும், மூளைக்காய்ச்சல் வரக்கூடும். இத்தகையோர் மூக்கைச் சிந்தலாகாது; துணியாலோ பஞ்சாலோ அடைக்கலாகாது. தலையைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்து, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அறுவையின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ரீடல் கையாண்ட முறையில், அறையின் முன்சுவரையும் தளத்தையும் அடியோடு அகற்றினர். நோய் நீங்கியது; ஆனால் நெற்றி குழிந்து முகம் விகாரப்பட்டது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான குடேல், மாண்ட்காமரி ஆகியோர், முன்சுவரைக் கதவுபோல் திறந்து, பணி முடிந்தபின் மீண்டும் மூடும் முறையை விளக்கி எழுதினர். உட்சவ்வை முற்றிலும் சுரண்டி எடுத்து, வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பால் அறையை நிரப்பும் வழக்கமும் பரவியது.

பின்னர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்க்ளிங்கர், அறையை அழிப்பதைவிட அதன் வடிகாலைத் திறந்துவிடுவதே அறிவுடைமை என்று காட்டினார். மூக்கின் வழியே நுண்குழாய்க் கருவியைச் செலுத்தி, உள்ளே பார்த்தவாறே அடைப்பை நீக்கும் முறை 1980களில் உலகெங்கும் பரவியது. 1991ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிராஃப், இரு அறைகளுக்கும் பொதுவாக ஒரு பெரிய வாயில் அமைக்கும் முறையையும் வகுத்தளித்தார். இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு நெற்றியில் தழும்பே விழுவதில்லை. பின்சுவர் சிதறி நீர் ஒழுகும் கடுங்காயங்களில் மட்டும், மூளை அறுவை மருத்துவர் துணையோடு பின்சுவரையே அகற்றி, அவ்வறையை மூளைக்குரிய இடமாக்கிவிடுகின்றனர். உட்சவ்வு சிறிதளவு எஞ்சினாலும் பிற்காலத்தில் சளிப்பை வளரக்கூடும்; ஆதலால் பல்லாண்டுகள் பரிசோதனை தொடர வேண்டும்.

அறுவை என்றதும் அஞ்ச வேண்டியதில்லை; எல்லோருக்கும் அது தேவையுமன்று. நாட்பட்ட அழற்சிக்கு, உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் மருத்துவர் தரும் மூக்குத் தெளிப்பு மருந்துமே முதற்சிகிச்சை. கழுவும் நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருத்தல் வேண்டும். குழாய் நீரை அப்படியே மூக்கிலிடுவது ஆபத்து. குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்கச் செய்வதை விட்டுவிடுங்கள். அதனால் வரும் நன்மை சிறிது, வெந்து போகும் அபாயமோ பெரிது.

நம் இல்லங்களில் நினைவிற் கொள்ள வேண்டிய குறிகள் நான்கு: ஜலதோஷத்தின்போது நெற்றியோ கண்ணிமையோ வீங்குதல்; கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் அல்லது வலிப்பு; கண் பிதுங்குதல் அல்லது பார்வை இரட்டித்தல்; தலையில் அடிபட்டபின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகுதல். இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் நம்மவர்க்குத் தனியாக ஒரு விண்ணப்பம். பழைய விபத்தின் காகிதங்களையும் ஸ்கேன் படங்களையும் வீடு மாற்றும்போது எறிந்துவிடாதீர்கள். இருபது ஆண்டுக்கு முன் தஞ்சையில் பட்ட அடியை இன்று தில்லி மருத்துவர் அறிய அவையே சாட்சி. இரு சக்கர வண்டியில் செல்லும் பிள்ளைகளிடமும் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் ஐம்பதாயிரம் பேர் தலைக்கவசம் அணியாமல் வண்டியில் சென்றவர்கள். ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னால் அமர்பவரும், நெற்றியை மூடும்படியாக அணிந்து, தாடைப்பட்டையையும் பூட்டிக்கொள்வதே முறை.