முன்னே சாயும் இரும்பு மூடி

தோட்டத்து விளைச்சலைக் களத்திற்கு இழுக்கவெனப் பழைய டீசல் எஞ்சினை இரும்புச் சட்டத்தில் பூட்டித் தனி வண்டி செய்துகொள்ள விரும்பும் விவசாயிகள், அவ்வண்டியின் முன்பாகம் முழுவதையும் ஒரே மூடியாக்கி, முன்பக்கம் சாய்த்துத் திறக்கும்படி அமைக்கச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் இது வீண் செலவென்று தடுப்பார். ஆனால் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கி, மேலே சிறு கதவு மட்டும் வைத்த வண்டியில் ரேடியேட்டரைத் துடைப்பார் எவருமில்லை. திண்டுக்கல் சமவெளியின் செம்மண் தூசியும் கதிர் உமியும் அதன் கண்களை அடைத்துவிட, எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் எரிகிறது. அந்தப் பழுதுச் செலவின் முன்னே மூடியின் செலவு பெரிதன்று.

இது புதிய யோசனையுமன்று. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பெர்குசன் டி.இ. 20 டிராக்டரின் மூடி முன்பக்கமே சாய்ந்தது. அதே கம்பெனி 1959இல் வெளியிட்ட டிரையம்ப் ஹெரால்டு காரில் மட்கார்டுகளும் விளக்குகளும் உட்பட முன்பாகம் முழுவதும் ஒன்றாய்ச் சாயும். டயரின் மேல் உட்கார்ந்தே எஞ்சினைப் பழுது பார்க்கலாம். 1961 முதல் அக்கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையிலும் செய்யப்பட்டது.

மூடி நிலைப்பது கீலினால்தான். கீலைத் தகட்டில் பற்றவைத்தால் சில மாதங்களில் தகடு கிழியும். அடிச்சட்டத்தின் முன்முனையிலிருந்து எழும் தாங்கிகளிலேயே கீல் அமைய வேண்டும். இருபுறக் கீல்களுக்கும் ஒரே நீளத் தண்டை ஊடுருவ விடுவது நலம். தனித்தனி ஆணிகள் ஒரே கோட்டில் நில்லாவிடில் மூடி முறுகிச் சிக்கும். தாங்கியின் துளைகளை நீளவாட்டில் வெட்டுவித்தால், இடைவெளியைப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம். பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன ஊராகிய திண்டுக்கல்லில், கனத்த கதவைக் கீலில் நிறுத்தத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அத்தகையோரிடமே இவ்வேலையைக் கொடுப்பது உத்தமம்.

மூடி சாயும்போது ரேடியேட்டரிலோ பம்பரிலோ இடிக்குமா என்பதை முதலில் அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தல் நன்று. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ எடையிருக்கும். மூன்று சதுர மீட்டர் மூடிக்கு 24 கிலோ. உட்சட்டத்தின் எடை தனி. கெட்டியாக இருக்கட்டுமென்று இரண்டு மில்லிமீட்டர் தகடு வாங்குபவர் ஒருவராகத் தூக்க இயலாத மூடியையே பெறுவார். மெல்லிய தகட்டின் உள்ளே சதுரக் குழாய்ச் சட்டம் கொடுப்பதே போதும். வெல்டிங்கைத் தொடர்ச்சியாக இழுக்காமல், இடம் மாற்றிச் சிறு சிறு துண்டாக வைத்தால் தகடு நெளியாது. துத்தநாகம் பூசிய தகடானால் வெல்டிங் புகை உடலுக்குக் கேடு. பூச்சைச் சுரண்டிவிட்டு வெட்டவெளியில் வேலை செய்வது அவசியம். வண்டியின் மேல் வைத்தே பற்றவைப்பதாயின் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.

கீல் முன்னிருப்பதில் மற்றோர் அனுகூலமுண்டு. கொண்டி தவறினாலும் எதிர்க்காற்று மூடியை அழுத்துமேயன்றித் தூக்காது. ஆயினும் இரு பக்கமும் கொண்டி வேண்டும். படியும் இடங்களில் ரப்பர் வைத்தால் ஓசை குறையும். அளவுக்கு மேல் சாயாதபடி சங்கிலியும், திறந்த மூடி காற்றில் திரும்பி மேலே விழாதபடி பூட்டும் கம்பியும் இல்லாத மூடியின் கீழ் கை வைப்பது ஆபத்து. குச்சியை முட்டுக் கொடுக்கும் வழக்கத்தை அறவே விடவேண்டும். விளக்குக் கம்பிகளைக் கீலருகே சற்றுத் தளர்வாக விடாவிட்டால் அறுந்துபோகும்.

இவையாவும் சொந்த நிலத்துக்குள் ஓடும் வண்டிக்கே பொருந்தும். பதிவில்லாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுதல் கூடாது. பதிவான டிராக்டரையோ சரக்கு வண்டியையோ இவ்வாறு மாற்றுவதும் வேறு விஷயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவ்வாண்டே செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கிராம அதிகாரிகள் இதைப் பட்டறைக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்தால், வண்டி செய்து முடித்தபின் வழக்கில் சிக்கும் நிலை விவசாயிகளுக்கு நேராது.