காகிதக் குவளையின் உட்பூச்சு

தைப்பூச நன்னாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை பால்குடமும் காவடியும் ஏந்திச் செல்வோரின் தாகம் தீர்ப்பது தண்ணீர்ப் பந்தல் தொண்டர்களின் பெரும்பேறு. அங்கே நீட்டப்படும் குவளையைக் காகிதம் என்றே பலரும் எண்ணுகின்றனர். வெறும் காகிதமாயின் மோரில் ஊறிக் குழைந்துவிடும். அட்டையின் உட்புறத்தில் உருக்கிப் படியவைத்த பாலித்தீன் படலமே நீரைத் தாங்குகிறது. அதைப் பிரித்தெடுப்பது எளிதன்று. ஆகவே பழைய நாளிதழ்களோடு சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்ப இயலாது. சிங்கப்பூரில் அது எரியுலைக்குப் போகிறது. மிஞ்சும் சாம்பல், 1999இல் திறக்கப்பட்ட செமக்காவ் நிரப்புநிலத்தைச் சேர்கிறது. அந்நிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது அரசாங்கக் கணிப்பு.

தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து இவ்வகைக் குவளைகளுக்குத் தடை விதித்தது. உற்பத்தியாளர்கள் வழக்காடினர், 2023இல் உச்சநீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது.

ஆயிரக்கணக்கானோருக்கு எவர்சில்வர் டம்ளர் கழுவுவது சுமைதான். நடந்துகொண்டே பருகுவோர் திருப்பித் தர நிற்பதுமில்லை. ஆனால் அன்னதானக் கூடத்தில் அந்தச் சாக்கு எடுபடாது. அங்கே அமர்ந்து உண்பவர்கள் எழும்போது தட்டைத் தந்துவிட்டே போகலாம். வாழையிலையும் லிட்டில் இந்தியாவில் கிடைக்காத பொருளன்று. ஆலய நிர்வாகங்கள் முதலில் அங்கிருந்து தொடங்கட்டும். ஊர்வலத்தில் உடன்வரும் உறவினர்கள் சொந்தக் குவளை கொண்டுவருமாறு திருவிழா அழைப்பிதழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.